போர் நடக்கும் கீவ் நகருக்கு ஒரு பிரதமர் எப்படிப் போய் வருகிறார்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யப் படைகள் உள்ளே நுழைந்ததும் உக்ரைன் தன் வான்வெளியைப் பயணிகள் விமானங்களுக்கு மூடியது. அதன் பிறகும் அதிபர்கள், பிரதமர்கள், ஐ.நா. பொதுச் செயலாளர் என்று பலர் கீவ் போய் வந்தார்கள். தொலைக்காட்சியில் நமக்குக் காட்டப்படுவது கைகுலுக்கலும் கட்டியணைப்பும்தான். அதற்கு முன்னும் பின்னும் நடப்பவை பற்றி வாசகர்கள் கேட்பவற்றுக்கு இங்கே பதில்கள்.

விமானத்தில் போனால் என்ன?

வான்வெளி மூடியிருக்கிறது என்பது பாதிப் பதில்தான். ரஷ்ய ஏவுகணை ஒரு பயம் என்றால், உக்ரைனின் சொந்த வான் பாதுகாப்புப் படை இன்னொரு பயம். வானில் அசையும் எதையும் சில நொடிகளில் எதிரியா இல்லையா என்று முடிவு செய்ய வேண்டிய நிலையில் அவர்கள் இருக்கிறார்கள். நடுவில் ஒரு வெளிநாட்டு விமானம் வந்தால் அந்த நேரம் முழுக்கத் தங்கள் கையைத் தாங்களே கட்டிக்கொள்ள வேண்டும். 2014 ஜூலை 17 அன்று ஆம்ஸ்டர்டாமிலிருந்து கோலாலம்பூர் சென்ற மலேசிய விமானம் எம்.எச்.17 கிழக்கு உக்ரைனுக்கு மேலே சுட்டு வீழ்த்தப்பட்டு 298 பேர் இறந்தார்கள். அதை யாரும் மறக்கவில்லை.

அப்படியானால் எந்த வழியாகப் போகிறார்கள்?

பெரும்பாலோர் போவது ஒரே வழி. முதலில் தென்கிழக்குப் போலந்தின் ஜெஷூஃப் விமான நிலையத்தில் இறங்குவார்கள். மேற்கு நாடுகளின் ஆயுத உதவி உக்ரைனுக்குள் போகும் முக்கிய வாசலும் அதுவே என்பதால் அங்கே ஏவுகணைத் தடுப்பு ஏற்பாடு உண்டு. அங்கிருந்து காரில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஓடினால் எல்லையோர ஊரான ப்ஷெமிஷ்ல். அந்த ஊரின் ரயில் நிலையத்தில் உக்ரைன் ரயில்வேயின் சிறப்பு ரயில் காத்திருக்கும். எல்லை தாண்டி, லிவிவ் நகரைக் கடந்து, கிழக்கே சுமார் 700 கிலோமீட்டர். வழக்கமாக 10 மணி நேரம். இரவு ஒன்பது, பத்து மணிக்கு ஏறினால் மறுநாள் காலை கீவ்.

நேரக் கணக்கில் ஒரு சின்னப் பொறி இருக்கிறது. உக்ரைன் நேரம் போலந்தைவிட ஒரு மணி முன்னே. காலை எட்டு மணிக்கு முதல் நிகழ்ச்சி என்றால் அது போலந்துக் கடிகாரத்தில் ஏழு. போகும்போது ஒரு மணி நேரத்தை இழக்கிறோம், திரும்பும்போது அது கிடைக்கிறது.

ப்ஷெமிஷ்லில் ஏன் ரயில் மாற வேண்டும்?

தண்டவாள அகலம்தான் காரணம். போலந்தில் இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே 1435 மில்லிமீட்டர். பழைய ரஷ்யப் பேரரசின் வழியில் வந்த உக்ரைன் பாதை 1520 மில்லிமீட்டர். (நம் ஊர் அகலப்பாதை இரண்டையும்விட அகலம், 1676.) ஆகவே போலந்து ரயில் அப்படியே உள்ளே போக முடியாது. உக்ரைனின் பாதை எல்லையைத் தாண்டி ப்ஷெமிஷ்ல் நிலையம் வரை நீண்டிருப்பதால் அங்கே ஒரு நடைமேடையிலிருந்து இன்னொன்றுக்கு மாறிக்கொள்ளலாம். அகதிகள், தொண்டு நிறுவனத்தார், விடுமுறையில் வரும் சிப்பாய்கள், பிரதமர்கள் எல்லோருக்கும் அதே நிலையம்தான். தலைவர்களின் பயணம் வெளியே கசிவதும் பெரும்பாலும் அங்கேதான்.

ரயிலுக்குள் என்ன இருக்கிறது? குண்டு துளைக்காத ரயிலா?

பாதுகாப்பு விவரங்களை உக்ரைன் ரயில்வே சொல்வதில்லை, சொல்லவும் கூடாது. வெளியான படங்களில் தெரிவது இதுதான்: மரப்பலகை பதித்த சுவர்கள், ஒரு நீண்ட மேசை, சோபா, தொலைக்காட்சி, தூங்கும் அறை. இந்தச் சொகுசுப் பெட்டிகளில் சில, கருங்கடல் தீபகற்பமான கிரைமியாவுக்குப் போகும் வசதியான சுற்றுலாப் பயணிகளுக்காகச் செய்யப்பட்டவை. 2014-இல் ரஷ்யா கிரைமியாவை எடுத்துக்கொண்டதும் அவற்றுக்கு வேலை இல்லாமல் போயிற்று. பின்னர் தலைவர்களைச் சுமக்கும் வேலை வந்தது. உடன் வரும் அதிகாரிகளும் செய்தியாளர்களும் பெரும்பாலும் சாதாரணப் படுக்கைப் பெட்டியில்தான் வருவார்கள்.

உண்மையான பாதுகாப்பு இரும்புத் தகட்டைவிட கால அட்டவணையில் இருக்கிறது. எந்தப் பாதை, எந்த நேரம், எந்த எஞ்சின் என்பது மிகச் சிலருக்கே தெரியும். சன்னல் திரைகள் மூடியிருக்கும். மின் கட்டமைப்பு அடிக்கடி தாக்கப்படுவதால் மின்சாரம் போனாலும் ஓடக்கூடிய டீசல் எஞ்சின் கைகொடுக்கும். இரவில் பயணம் செய்வதும் இதே கணக்கில்தான். தூங்கும் நேரத்தில் தூரம் கடந்துவிடும், பகலில் ஊரில் இருக்கலாம், மறுபடி இருட்டும் முன் கிளம்பிவிடலாம். நள்ளிரவுக்குப் பிறகு கீவில் ஊரடங்கு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்த ரயில் பயணத்தை முதலில் தொடங்கியது யார்?

2022 மார்ச் 15 அன்று போலந்து, செக், ஸ்லோவேனியா நாடுகளின் பிரதமர்கள் மூவர். ரஷ்யப் படைகள் அப்போது கீவின் புறநகரிலேயே இருந்தன. அன்றிரவு நகரில் 35 மணி நேர ஊரடங்கு தொடங்கியது. பிறகு வந்த எந்தப் பயணத்தையும்விட ஆபத்தானது அதுதான். ஆனால் அதைப் பற்றிய பேச்சு குறைவு, அமெரிக்க அதிபர் அதில் இல்லை என்பதால்.

அப்போதைய அமெரிக்க அதிபர் பைடனின் பயணம் எப்படி ஏற்பாடானது?

2023 பிப்ரவரி 20. அமெரிக்கத் தலைவர்கள் ஈராக்குக்கும் ஆப்கானிஸ்தானுக்கும் போயிருக்கிறார்கள். ஆனால் அங்கே தரையும் வானும் அமெரிக்கப் படையின் கையில் இருந்தன. கீவில் அப்படி எதுவும் இல்லை.

மாதக்கணக்கில் திட்டமிட்டது மிகச் சிலர். இறுதி முடிவு எடுத்தது வெள்ளிக்கிழமை. வெளியில் சொன்ன நிகழ்ச்சி நிரலில், திங்கள் மாலை வார்சாவுக்குக் கிளம்புவதாக இருந்தது. கிளம்பியதோ ஞாயிறு அதிகாலை சுமார் 4:15-க்கு. வழக்கமான பெரிய விமானம் வேண்டாம் என்று சிறிய போயிங் 757 ரகத்தை எடுத்தார்கள். வழக்கமாக 13 செய்தியாளர் உடன் போவார்கள். இந்த முறை ஒரு நிருபர், ஒரு புகைப்படக்காரர், அவ்வளவுதான். அவர்களுக்கு வந்த மின்னஞ்சலின் தலைப்பு கோல்ஃப் போட்டி பற்றியது போல இருந்தது. கைப்பேசிகளை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஜெர்மனியில் ராம்ஸ்டைன் தளத்தில் எரிபொருள், பிறகு ஜெஷூஃப், ப்ஷெமிஷ்ல், ரயில். காலை எட்டு மணிவாக்கில் கீவ். நகரில் இருந்தது ஏறத்தாழ ஐந்து மணி நேரம். அறிவித்தது 50 கோடி டாலர் மதிப்புள்ள கூடுதல் ராணுவ உதவி.

ரஷ்யாவுக்கு முன்கூட்டியே சொன்னார்கள் என்பது உண்மையா? எதிரியிடம் சொல்லிவிட்டா போவது?

உண்மைதான். பைடன் கிளம்புவதற்குச் சில மணி நேரம் முன்பு அமெரிக்கா ரஷ்யாவுக்குத் தகவல் தெரிவித்ததாக அவருடைய தேசியப் பாதுகாப்பு ஆலோசகரே சொன்னார். இதை அனுமதி கேட்பதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. "இந்த நேரத்தில் இவர் அங்கே இருப்பார், அப்போது ஏதாவது நடந்தால் தெரியாமல் நடந்தது என்று சொல்ல முடியாது" என்று பதிவு செய்து வைப்பது. அணு ஆயுதம் வைத்திருக்கும் இரண்டு நாடுகளுக்கு இடையே தவறுதலாக எதுவும் நடந்துவிடக் கூடாது என்ற அக்கறை அது. எப்போது சொல்வது என்பதில்தான் சாமர்த்தியம். ரொம்ப முன்னால் சொன்னால் எதிராளி அதைக் கசியவிட்டுப் பயணத்தையே கெடுக்கலாம். பிந்திச் சொன்னால் அந்தச் செய்தி முன்வரிசைத் தளபதி வரை போய்ச் சேராது.

எல்லா நாடுகளும் இப்படிச் சொல்வதில்லை. சொன்னாலும் வெளியே ஒப்புக்கொள்வதில்லை.

தலைவர் அங்கே இருக்கும்போது தாக்க மாட்டார்கள்தானே?

அப்படி நம்ப ஆதாரம் இல்லை. 2022 ஏப்ரல் 28 அன்று ஐ.நா. பொதுச் செயலாளர் குட்டெரெஸ் கீவில் இருக்கும்போதே ஏவுகணைகள் நகரின் நடுப்பகுதியில் விழுந்தன. ஒரு பத்திரிகையாளர் இறந்தார். 2023 ஜூன் 16 அன்று தென்னாப்பிரிக்க அதிபர் ரமபோசா தலைமையில் ஆப்பிரிக்கத் தலைவர்கள் சமாதானம் பேசப் போனபோது சைரன் ஒலித்தது, வெடிச்சத்தம் கேட்டது. 2024 மார்ச் 6 அன்று ஒடேசா துறைமுகத்தில் கிரேக்கப் பிரதமர் மிட்சோடாகிஸும் உக்ரைன் அதிபர் ஜெலன்ஸ்கியும் இருந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டர் தூரத்தில் ஏவுகணை விழுந்தது. ஐந்து பேர் இறந்தார்கள்.

பைடன் புனித மிக்கேல் தேவாலயத்திலிருந்து வெளியே நடந்தபோதும் சைரன் ஒலித்தது. "கேமராவுக்காகச் சைரன் ஒலிக்கவிட்டார்கள்" என்று அப்போது பலர் எழுதினார்கள். கீவில் சைரன் என்பது குண்டு விழப் போகிறது என்பதற்கான அறிவிப்பாக மட்டும் இருப்பதில்லை. கின்ஷால் ஏவுகணையைச் சுமக்கும் மிக்-31கே ரக விமானம் ரஷ்யத் தரப்பில் எங்காவது தரையை விட்டுக் கிளம்பினாலே நாடு முழுக்க எச்சரிக்கை போகும். எதுவும் ஏவப்படாமல் அது திரும்பி இறங்கும் நாட்கள் ஏராளம்.

என்னென்ன தவறிப் போகும்?

பெரும்பாலும் ஏவுகணையால் அல்ல, காகிதத்தால்.

நல்ல எடுத்துக்காட்டு அதே ஆப்பிரிக்கக் குழு. ரமபோசாவின் பாதுகாவலர்களும் செய்தியாளர்களுமாக 100-க்கும் மேற்பட்டோர் வந்த தனி விமானம் வார்சா விமான நிலையத்தில் ஒரு நாளுக்கும் மேல் நின்றது. ஆயுதங்களுக்கு உரிய அனுமதி இல்லை, பெயர் தெரிவிக்காதவர்களும் விமானத்தில் இருக்கிறார்கள் என்றது போலந்து. எங்கள் அதிபரின் பாதுகாப்பையே ஆபத்தில் தள்ளுகிறார்கள் என்றது தென்னாப்பிரிக்கத் தரப்பு. அவர்கள் கீவ் போய்ச் சேரவே இல்லை. அதிபர் இருக்கிற ஆட்களோடு போனார். எந்தத் தரப்பு சரி என்ற விவாதத்தைத் தள்ளிவைப்போம். இதில் கற்க வேண்டியது எளிது: போரில் இருக்கும் நாட்டின் அனுமதி போதாது. வழியில் உள்ள நாட்டுக்கு ஒவ்வொரு துப்பாக்கியின் வரிசை எண், ஒவ்வொரு ஆளின் பாஸ்போர்ட், பறக்கும் பாதையில் உள்ள ஒவ்வொரு நாட்டின் வான்வெளி அனுமதி எல்லாம் தனித்தனியாக முடிந்திருக்க வேண்டும். போலந்து வழியாகவே பெரும்பாலோர் போவதால், போலந்து அதிகாரிகளுக்கு இதில் எந்த அவசரமும் இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

அடுத்தது உள்நாட்டுச் சட்டம். ஜப்பான் பிரதமர் கிஷிடா ஜி-7 தலைவர்களில் கடைசியாகப் போனவர். காரணம் தயக்கம் மட்டும் அல்ல. நாடாளுமன்றம் கூடியிருக்கும்போது பிரதமர் வெளிநாடு போவதென்றால் முன்கூட்டியே அங்கே தெரிவிப்பது அவர்கள் மரபு. தெரிவித்தால் ரகசியம் போச்சு. வெளிநாட்டுப் போர்ப்பகுதியில் பிரதமரைக் காக்க, ஜப்பான் ராணுவமான தற்காப்புப் படையை அனுப்பவும் தெளிவான சட்ட வழி இல்லை. கடைசியில் 2023 மார்ச் 20 அன்று டெல்லியில் மோடியைச் சந்தித்துவிட்டு, அரசு விமானத்தை விட்டுவிட்டு வாடகை விமானத்தில் போலந்து பறந்தார். ப்ஷெமிஷ்ல் நிலையத்தில் அவர் ரயில் ஏறுவதை ஜப்பானியத் தொலைக்காட்சிகள் காத்திருந்து படம் பிடித்துவிட்டன. கீவ் போய்ச் சேரும் முன்பே செய்தி உலகமெங்கும் போய்விட்டது.

மூன்றாவது, பதுங்குமிடம். ஜெர்மன் அதிபர் ஸ்டைன்மையர் 2022 அக்டோபரில் போனபோது செர்னிஹிவ் வட்டாரத்தில் கோரியுகிவ்கா ஊரில் சைரன் ஒலிக்க, ஊர் மக்களோடு நிலவறையில் உட்கார வேண்டியதாயிற்று. நிரலில் இதற்கும் இடைவெளி விட்டிருக்க வேண்டும். ஐந்து மணி நேரப் பயணத்தில் ஒரு மணி நேரம் நிலவறையில் போனால் எந்தச் சந்திப்பை வெட்டுவது என்பதை முன்னதாகவே முடிவு செய்திருப்பார்கள். வழக்கமாக முதலில் வெட்டுப்படுவது பத்திரிகையாளர் கேள்வி நேரம்.

வர வேண்டாம் என்று உக்ரைன் யாரையாவது சொன்னதுண்டா?

அதே ஸ்டைன்மையரைத்தான். 2022 ஏப்ரலில் போலந்து, பால்டிக் நாட்டுத் தலைவர்களோடு போக இருந்தார். கீவில் தன்னை விரும்பவில்லை என்று அவரே செய்தியாளர்களிடம் சொன்னார். வெளியுறவு அமைச்சராக இருந்தபோது ரஷ்யாவோடு நெருக்கத்தை வளர்த்தவர் என்ற கோபம் அங்கே இருந்தது. ஆறு மாதம் கழித்துத்தான் போக முடிந்தது.

கீவில் இறங்கியதும் என்ன செய்வார்கள்?

நிரல் பெரும்பாலும் ஒரே அச்சு: நிலையத்தில் வரவேற்பு, மிக்கேல் தேவாலயச் சுவரில் உயிரிழந்த வீரர்களின் படங்களுக்கு முன் மலர், அதிபருடன் தனிச் சந்திப்பு, குழுச் சந்திப்பு, கையெழுத்து, அறிக்கை. இடையில் கீவை ஒட்டிய ஊர்களான புச்சா அல்லது இர்பின் போய் வருவதுண்டு. எங்கே போகவில்லை என்பதையும் கவனியுங்கள். புச்சா போவதென்றால் 2022-இல் ரஷ்யப் படைகளின் பிடியில் அங்கே நடந்த பொதுமக்கள் கொலைகளைப் பற்றி ஏதாவது சொல்லியாக வேண்டும். அதைச் சொல்ல விரும்பாத தலைவரின் நிரலில் புச்சா இருக்காது.

பேச்சுவார்த்தை அங்கேதான் நடக்கிறதா?

ஒப்பந்த வாசகங்கள் அதிகாரிகளால் பல வாரங்கள் முன்பே எழுதப்பட்டுவிடும். தலைவர்கள் கைக்கு வரும்போது, உடன்பாடு வராமல் அடைப்புக்குறிக்குள் மிச்சமிருப்பது இரண்டு மூன்று சொற்கள்தான். அந்த இரண்டு மூன்று சொற்களுக்காகத்தான் தனிச் சந்திப்பு நீளும். பிரிட்டன் பிரதமர் சுனக் 2024 ஜனவரி 12 அன்று கீவில் கையெழுத்திட்ட பாதுகாப்பு ஒப்பந்தம் இந்த வகையில் முதலாவது. அதன் வேர் 2023 ஜூலையில் லிதுவேனியத் தலைநகர் வில்னியஸில் உக்ரைனின் பாதுகாப்பு பற்றி ஜி-7 வெளியிட்ட அறிவிப்பில் இருக்கிறது. ஆறு மாத வேலைக்கு ஒரு நாள் கையெழுத்து.

அப்படியானால் பயணத்தால் என்ன பயன்? போரை நிறுத்திவிட்டதா?

இல்லை. எந்த ஒரு பயணமும் நிறுத்தவில்லை.

ஆனால் பயணம் ஒரு காலக்கெடுவாக வேலை செய்கிறது. வெறுங்கையோடு போய் நிற்க எந்தத் தலைவருக்கும் மனம் வராது. ஆகவே அமைச்சகங்களில் தூங்கும் கோப்புகள் அந்தத் தேதிக்குள் நகர்ந்துவிடும். 2022 ஜூன் 16 அன்று ஜெர்மனியின் ஷோல்ஸ், பிரான்சின் மக்ரோன், இத்தாலியின் டிராகி மூவரும் ஒரே ரயிலில் போய் உக்ரைனுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர வேட்பாளர் தகுதி தர ஆதரவு என்றார்கள். ஜூன் 23 அன்று அது கிடைத்தது. குட்டெரெஸ் முதலில் மாஸ்கோவில் புதினையும் பிறகு கீவில் ஜெலன்ஸ்கியையும் பார்த்ததன் விளைவு இன்னும் கண்ணால் பார்க்கக்கூடியது: ரஷ்யப் படைகள் முற்றுகையிட்ட மரியுபோல் நகரின் அஸோவ்ஸ்தால் உருக்காலை நிலவறைகளில் அடைபட்டிருந்த பொதுமக்களை ஐ.நா.வும் செஞ்சிலுவைச் சங்கமும் வெளியே கொண்டுவர வழி திறந்தது. மே 3 அன்று முதல் குழுவில் 100-க்கு மேற்பட்டோர் உக்ரைன் வசமிருந்த ஸாபோரிஷியா நகருக்கு வந்து சேர்ந்தார்கள். குறுகிய, அளக்கக்கூடிய கோரிக்கையோடு போகிறவருக்குத்தான் ஏதாவது கிடைக்கிறது. "சமாதானம் வேண்டும்" என்று போகிறவர் புகைப்படத்தோடு திரும்புகிறார்.

மோடியின் பயணத்தில் என்ன நடந்தது?

2024 ஆகஸ்ட் 23. முதல் இரண்டு நாள் போலந்து, பிறகு இரவு ரயில், கீவில் ஏறத்தாழ ஏழு மணி நேரம். உக்ரைன் தனி நாடான பிறகு அங்கே போன முதல் இந்தியப் பிரதமர் அவர்தான். பின்னணி தெரியாமல் இதைப் புரிந்துகொள்ள முடியாது. ஆறு வாரம் முன்பு, ஜூலை 8 அன்று, அவர் மாஸ்கோ போய் இறங்கிய அதே நாளில் கீவில் குழந்தைகள் மருத்துவமனை ஏவுகணைத் தாக்குதலுக்கு உள்ளானது. புதினை அவர் கட்டியணைத்த படத்தை ஜெலன்ஸ்கி கடுமையாகச் சாடினார். கீவில் அவர்கள் முதலில் போன இடங்களில் ஒன்று போரில் இறந்த குழந்தைகளுக்கான காட்சியரங்கம் என்பது தற்செயல் இல்லை. ஜெலன்ஸ்கியின் தோளில் மோடி கை வைத்து நின்ற படம் வந்தது அங்கிருந்துதான்.

கையெழுத்தானவை நான்கு: வேளாண்மையும் உணவுத் தொழிலும், மருந்து ஒழுங்குமுறை, பண்பாட்டுப் பரிமாற்றம், சமூக மேம்பாட்டுத் திட்டங்களுக்கான மனிதாபிமான நிதி. ஆயுதம் பற்றி ஒன்றும் இல்லை.

கூட்டறிக்கையை ஒருமுறை நிதானமாகப் படித்தால் இரு தரப்பும் ஒத்துப்போன இடமும் பிரிந்த இடமும் தெரிந்துவிடும். நாடுகளின் எல்லை ஒருமைப்பாடும் இறையாண்மையும் மதிக்கப்பட வேண்டும் என்ற பகுதி இருவருக்கும் பொது. பேச்சுவார்த்தை, ராஜதந்திர வழி என்ற பகுதி "இந்தியத் தரப்பு" சொல்வதாக வருகிறது. 2024 ஜூனில் சுவிட்சர்லாந்தில் நடந்த உக்ரைன் சமாதான மாநாட்டின் அறிக்கை சமாதானத்துக்கு அடிப்படையாக அமையலாம் என்பதோ "உக்ரைன் தரப்பு" சொல்வதாக வருகிறது. அந்த மாநாட்டில் கலந்துகொண்ட இந்தியா அறிக்கையில் கையெழுத்திடவில்லை. "இரு தரப்பும்" என்று தொடங்காத ஒவ்வொரு பத்தியும் ஒரு கருத்து வேறுபாடு என்று வைத்துக்கொள்ளலாம்.

மாஸ்கோவுக்கும் கீவுக்கும் இரண்டுக்கும் போகிறவர்கள் எந்த வரிசையில் போக வேண்டும்?

விதி எதுவும் இல்லை, ஆனால் கணக்கு உண்டு. முதலில் மாஸ்கோ போன குட்டெரெஸை, பாதிக்கப்பட்ட நாட்டை இரண்டாவதாக வைத்தார் என்று ஜெலன்ஸ்கி குறை சொன்னார். 2022 ஏப்ரலில் ஆஸ்திரியாவின் நேஹம்மர் முதலில் கீவ், இரண்டு நாள் கழித்து மாஸ்கோ. ஆப்பிரிக்கக் குழுவும் கீவுக்கு மறுநாள் செயின்ட் பீட்டர்ஸ்பர்க். ஹங்கேரியின் ஓர்பான் 2024 ஜூலை 2 அன்று கீவ், 5 அன்று மாஸ்கோ, 8 அன்று பெய்ஜிங். வரிசை சரியாக இருந்தும் அவருக்கு நல்ல பெயர் கிடைக்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் சுழற்சித் தலைமை கையில் இருந்தபோது, மற்ற உறுப்பு நாடுகளின் ஒப்புதலின்றி மாஸ்கோ போனதே அங்கே பிரச்சினை. யார் சார்பில் பேசப் போகிறோம் என்பது வரிசையைவிட முக்கியம்.

தலைவருக்கு ஏதாவது ஆனால் சட்டம் என்ன சொல்கிறது?

வெளிநாட்டில் இருக்கும் அரசுத் தலைவர், அரசாங்கத் தலைவர், வெளியுறவு அமைச்சர் ஆகியோரைத் தாக்குவது குற்றம் என்று 1973-ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கை சொல்கிறது. ஏவுகணை அதைப் படிப்பதில்லை.

ரயிலில் போதைப்பொருள் இருந்ததாக ஒரு காணொளி வந்ததே?

2025 மே மாதம் பிரான்சின் மக்ரோன், பிரிட்டனின் ஸ்டார்மர், ஜெர்மனியின் மெர்ஸ் மூவரும் கீவ் போனபோது மேசைமேல் இருந்த வெள்ளைப் பொருளைப் பற்றிக் கிளம்பிய வதந்தி அது. மூக்குத் துடைத்த டிஷ்யூ காகிதம் என்று பிரெஞ்சு அதிபர் மாளிகை தெளிவான படத்தோடு மறுத்தது.

பரிசாக என்ன கொண்டுபோவார்கள்?

இதில் சறுக்கியவர்கள் உண்டு. கிஷிடா தன் தொகுதியான ஹிரோஷிமாவின் அடையாளமான மரச் சோற்றகப்பையைக் கொண்டுபோனார், அரை மீட்டர் நீளத்தில். ஜப்பானிய மொழியில் அது வெற்றி கொள்வதைக் குறிக்கும் மங்கலப் பொருள். ஆனால் குண்டு விழும் ஊருக்கு அகப்பையா என்று அவர் நாட்டிலேயே கேலி எழுந்தது. மோடி கொடுத்தவை நான்கு 'பீஷ்ம்' மருத்துவப் பெட்டகங்கள். ஒவ்வொன்றும் ரத்தப்போக்கு, தீக்காயம், எலும்பு முறிவு என்று சுமார் 200 அவசர நோயாளிகளைக் கவனிக்கும் அளவுக்கு மருந்தும் கருவியும் கொண்டது. நாளுக்கு 10 முதல் 15 சிறு அறுவை சிகிச்சை செய்யலாம். ஓரளவு மின்சாரத்தையும் ஆக்சிஜனையும் தானே தயாரித்துக்கொள்ளும். கையாளக் கற்றுக்கொடுக்க ஓர் இந்தியக் குழுவும் அனுப்பப்பட்டது.